ஆள் குறையும் நகரம், பதில் சொல்லாத நிர்வாகம்

ஆன்லைன் ரோல்பிளே சர்வர்கள் நலிவடையும்போது ஆட்டக்காரர்களின் கோபம் ஏன் நிர்வாகக் குழுவை நோக்கித் திரும்புகிறது? ஷிப்ட் முறையில் வாழும் ஒசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியிலிருந்து ஒரு பார்வை.

கணினித் திரையில் மட்டுமே இருக்கும் ஒரு நகரத்தில், காவல் நிலையத்தில் பணிக்கு ஆளின்றி, மருத்துவமனையில் மருத்துவர் வேடமேற்க எவருமின்றி, மெக்கானிக் கடையின் ஷட்டர் திறந்தபடியே கிடக்க, நூற்றுக்கணக்கானோர் உலவுவதற்கென அமைக்கப்பட்ட தெருக்களில் பத்துப் பதினைந்து பேர் மட்டும் காரோட்டித் திரிகின்ற காட்சி, நலிவடைந்த ரோல்பிளே சர்வர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அந்த நகரத்தில் ஓயாமல் இயங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: தடையை நீக்கக் கோரும் விண்ணப்பங்களும், ஸ்டாஃப் எனப்படும் நிர்வாகக் குழு மீதான புகார்களும், "ஏன் என்னை வெளியேற்றினீர்கள்" என்ற கேள்விகளும் விடையின்றிக் குவியும், டிஸ்கார்டு என்ற உரையாடல் செயலியின் புகார்ப் பகுதி.

ரோல்பிளே சர்வர் என்பது, வெல்வதையோ தோற்பதையோ நோக்கமாகக் கொள்ளாமல், ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அதற்குப் பெயரும் தொழிலும் கடனும் பகையும் வைத்து, மைக்கில் அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே பேசி, நாள்கணக்கில் வாழ்ந்து காட்டும் ஆடுகளம். ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்டு, 2015-ல் கணினிக்குக் கொண்டுவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்ற விளையாட்டின் மீது, ஃபைவ்எம் என்ற மாற்று மென்பொருளைப் பொருத்தித் தனியார் நடத்தும் சர்வர்களே இன்று இவ்வகையில் பெரும்பான்மை. தொடக்கத்தில் ஃபைவ்எம் உருவாக்கியவர்களின் கணக்குகளை முடக்கிய அதே ராக்ஸ்டார், 2023 ஆகஸ்டில் அந்தக் குழுவையே தன்னுடன் இணைத்துக்கொண்டது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டதை ஒட்டி, நேரலை ஒளிபரப்பாளர்கள் பலர் இந்த நகரங்களுக்குக் குடிபெயர, இந்தியிலும் தமிழிலும் தனித்தனிச் சர்வர்கள் தோன்றின.

அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பழைய ஆலைகளும், திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் என்று புதிய ஆலைகளும் சூழ்ந்த ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், வெளியூரிலிருந்து வந்து அறையெடுத்தும் விடுதியிலும் தங்கியிருக்கும் இளந்தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை ஷிப்ட் அட்டவணையே தீர்மானிக்கிறது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குவோருக்கு நள்ளிரவை ஒட்டித்தான் பொழுது கிடைக்கும். அந்நேரத்தில் திறந்திருக்கும் கேளிக்கைகள் சில, நண்பர்களோடு கூடியிருப்பதற்கு இடம் தருபவை அவற்றினும் சில. நண்பர்கள் ஒருவர் மதுரையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்க, எல்லோரும் ஒரே தெருவில் நின்று பேசுவதற்கு வாய்ப்பளிக்கும் ரோல்பிளே சர்வரை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அது அவ்விளைஞருக்கு ஊர் போல ஆகிவிடுகிறது. ஆகவே அந்த ஊரில் நடக்கும் அநீதியும் ஊரில் நடக்கும் அநீதியாகவே உறைக்கிறது.

நலிவு நடக்கும் விதம்

மற்ற விளையாட்டுகளில் ஆள் குறைந்தால் எதிராளி கிடைக்கக் காத்திருப்பு நேரம் கூடும், அவ்வளவே. ரோல்பிளேயில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் மற்றவரின் ஆட்டத்துக்கு மூலப்பொருள்: போலீஸ் வேடத்துக்கு ஆளில்லையென்றால் திருடனின் ஆட்டத்துக்குப் பொருளில்லை, திருட்டு நடக்கவில்லையென்றால் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் வேலையில்லை. ஆகவே ஒருவர் வெளியேறுவது இன்னும் சிலர் வெளியேறுவதற்குக் காரணமாகிறது.

எண்ணிக்கையை மீட்க நிர்வாகம் முதலில் செய்வது, நேர்காணல் நடத்தித் தேர்ந்தவரை மட்டும் அனுமதிக்கும் ஒயிட்லிஸ்ட் முறையைத் தளர்த்துவது. கூட்டம் சில வாரங்களுக்குக் கூடுகிறது; விதியறியாதவர்கள் தெருவில் காரணமின்றிச் சுட, கதையைப் பொறுமையாக வளர்த்துவந்த பழைய ஆட்டக்காரர்கள் விலகுகிறார்கள். மாதச் சர்வர் வாடகைக்கு நன்கொடை வற்றியதும், வரிசையில் முந்தி நுழையும் உரிமையும் வேறெவருக்கும் கிடைக்காத கார்களும் விலைக்கு வருகின்றன. விதிமீறல்களை விசாரிக்கும் மாடரேட்டர்களில் சிலர் களைத்து விலக, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் முன்பு பத்துப் பேரிடம் பகிர்ந்திருந்த அதிகாரம் சேர்கிறது. இறுதியில் வருவது வைப், அதாவது எல்லோருடைய சேமிப்பும் வீடும் வண்டியும் அழிக்கப்பட்டு நகரம் புதிதாகத் தொடங்கப்படுதல். மாதக்கணக்கில் லாரி ஓட்டிக் கடை வாங்கியவரிடம் அதற்கு ஒப்புதல் கேட்கப்படுவதில்லை.

இந்தப் படிநிலைகள் எதிலும் ஆட்டக்காரரை அதிகம் புண்படுத்துவது ஆள் குறைவு அன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆள் குறைவதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். காரணம் சொல்லாத தீர்ப்பைப் பொறுக்க முடிவதில்லை.

> பெட்டிச் செய்தி: புகார்களில் அடிக்கடி வரும் சொற்கள்
>
> ஆர்டிஎம்: கதைக் காரணமின்றி ஒருவரைக் கொல்லுதல். வாகனத்தால் மோதிக் கொன்றால் விடிஎம்.
>
> மெட்டாகேமிங்: நேரலையில் பார்த்ததையோ டிஸ்கார்டில் கேட்டதையோ, பாத்திரத்துக்குத் தெரிந்ததாகக் கொண்டு ஆடுதல்.
>
> பவர்கேமிங்: எதிராளிக்கு மறுமொழிக்கு வாய்ப்பளிக்காமல், நடக்க இயலாததை நடந்ததாக வற்புறுத்துதல்.
>
> ஃபெயில் ஆர்பி: நெற்றியில் துப்பாக்கி இருக்கும்போதும் அஞ்சாமல் ஓடுவது போல, பாத்திரத்துக்குப் பொருந்தாத ஆட்டம். மிகத் தளர்ந்த விதி. விருப்பு வெறுப்புக்கு அதிகம் இடமளிப்பதும் இதுவே.

"டிக்கெட் மூடப்பட்டது"

ஒரு வழக்கமான தகராறு நடக்கும் முறையை அருகிலிருந்து கவனித்தால் கோபத்தின் வேர் தெரியும். நகைக்கடைக் கொள்ளை ஒன்றில், கைகளைத் தூக்கிச் சரணடைந்த ஆட்டக்காரரை எதிர்க்குழுவினர் சுட்டுவிடுகிறார்கள். அவர் அந்த அரை நிமிடத்தைக் கிளிப்பாகப் பதிந்து, டிஸ்கார்டில் டிக்கெட் திறக்கிறார். டிக்கெட் என்பது புகார் தருபவரும் ஸ்டாஃப் குழுவும் மட்டும் காணக்கூடிய தனி உரையாடல் அறை. அங்கே விசாரிக்க வரும் மாடரேட்டரே, சுட்ட குழுவின் தலைவர் வேடத்தில் ஆடுபவராகவும் இருக்கிறார். "போதிய ஆதாரம் இல்லை" என்ற ஒரு வரியோடு அறை மூடப்பட, உரையாடலும் புகார்தாரரின் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மறுபடி கேட்டால், ஸ்டாஃபை மதிக்கவில்லை என்ற புதிய குற்றம் பிறந்து தடை விழுகிறது. முதலில் கேட்ட கேள்வி அப்படியே நிற்க, இப்போது அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியவராகிவிடுகிறார்.

இத்தனைக்கும் உண்மையை அறியும் கருவி நிர்வாகத்தின் கையிலேயே உண்டு. ஃபைவ்எம் சர்வருடன் வரும் டிஎக்ஸ்அட்மின் என்ற மேலாண்மைக் கருவி, எந்த நிர்வாகி எப்போது யாரைத் தடைசெய்தார், என்ன காரணம் எழுதினார் என்பதைப் பதிந்து வைக்கிறது. பதிவு இருந்தும் அதைப் பார்க்கும் உரிமை ஒருதரப்புக்கே இருப்பதுதான் சிக்கல்.

தடை விழும் முறையும் கவனிக்கத்தக்கது. பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வருவோரைத் தடுக்க, கணக்கு எண்ணோடு கணினியின் வன்பொருள் அடையாளமும் சேர்த்தே பல சர்வர்களில் தடைசெய்யப்படுகிறது. வீட்டுக்கு ஒரு கணினி உள்ளவருக்கு இது பொருந்தும். அறை நண்பர்கள் மூவர் பணம் போட்டு வாங்கிய ஒரே கணினியில் முறைவைத்து ஆடுகையில், ஒருவர் மீது விழுந்த தடை மற்ற இருவரையும் சேர்த்து வெளியேற்றும். இந்தக் கூட்டு வாழ்க்கையை அறியாத நிர்வாகிக்கு, மேல்முறையீடு செய்யும் அறை நண்பரும் தடையிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் பழைய குற்றவாளியாகவே தெரிவார். நேரமும் இவ்வாறே தடையாகிறது: இரவு ஒன்பது மணிக்குக் குரல்வழி விசாரணை, வராதவர் வழக்கு தானே முடிந்துவிடும் என்று விதி வகுத்தால், அந்த வாரம் இரண்டாம் ஷிப்டில் இருப்பவர் கன்வேயர் அருகே நிற்கும்போதே இங்கே குற்றவாளியாகிவிடுகிறார்.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி வட்டாரத்தில் ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலப்பது இயல்பு. விதிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. பேச்சு எல்லைமீறிற்றா என்று தீர்ப்பவர் அந்தப் பேச்சை அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற எளிய முறைமைகூட இல்லாத இடத்தில், வட்டார வழக்கே குற்றமாகக் கொள்ளப்படும் ஆபத்து இருக்கிறது.

ஆலைக்குள் இருக்கும் முறை

இங்கேதான் ஒசூரின் அனுபவத்தைப் பேச வேண்டியிருக்கிறது. தொழிலாளி ஒருவரை வேலைநீக்கம் செய்ய வேண்டுமானால், குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விளக்கம் கேட்டு, உள்விசாரணை நடத்தி, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்த பிறகே செய்யலாம் என்பதை 1946-ம் ஆண்டின் தொழில் நிலையாணைகள் சட்டம் பெரிய ஆலைகளில் வழக்கமாக்கியது. விசாரணைக் காலத்தில் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்ற பிரிவு 1982-ம் ஆண்டுத் திருத்தத்தால் அதில் சேர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும், 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடங்களில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் குறைதீர்ப்புக் குழுவைக் கோருகிறது.

இந்த ஏற்பாடுகள் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நடைமுறையில் முழுமையாக எட்டுவதில்லை என்பது இந்தத் தொழிற்பகுதியின் பழைய குறை. ஆனால் மெமோ, சார்ஜ் ஷீட், விளக்கக் கடிதம், விசாரணை அதிகாரி ஆகிய சொற்கள் இவ்வட்டார இளைஞர்கள் அன்றாடம் காதில் கேட்பவை. தண்டனைக்கு முன் காரணமும், தீர்ப்பவர் வழக்கில் பங்குள்ளவராக இருக்கலாகாது என்ற நியாயமும் அவர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியவை அல்ல. பகலில் சூப்பர்வைசரிடம் பதில் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளி, இரவில் தாமாக விரும்பிக் கட்டியெழுப்பிய நகரத்திலும் அதே மௌனத்தைச் சந்திப்பது சிறிய துயரம் என்று எவரும் சொல்லலாகாது.

மந்திரவாதிகள் விலகிய கதை

இந்தச் சிக்கல் இன்று பிறந்ததன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த மட் என்ற எழுத்துவழி விளையாட்டிலேயே, மேலதிகாரம் பெற்றவர்களுக்கு விசார்டு, அதாவது மந்திரவாதி, என்ற பட்டம் இருந்தது. பின்னர் 1990-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூ, நிர்வாகச் சிக்கலின் எல்லாக் கட்டங்களையும் கடந்துவந்த எழுத்துவழி உலகம்.

ஆட்டக்காரர்களிடையே எழும் தகராறுகளைத் தீர்த்துக் களைத்த கர்ட்டிஸ், 1992 டிசம்பரில், இனி விசார்டுகள் தொழில்நுட்பப் பராமரிப்பை மட்டும் பார்ப்பார்கள், சமூகத் தீர்ப்புகளில் தலையிடமாட்டார்கள் என்று அறிவித்தார். சில மாதங்களில், மற்றவர்களின் பாத்திரங்களைத் தம் வசப்படுத்தும் நிரலொன்றைக் கொண்டு ஓர் ஆட்டக்காரர் பொது அறையில் பாலியல் வன்முறையை எழுத்தில் நிகழ்த்த, தண்டிக்கும் அதிகாரம் எவரிடம் என்றே தெரியாமல் சமூகம் தவித்தது. கூடிப் பேசியும் முடிவு எட்டாத நிலையில், விசார்டு ஒருவர் தாமே அந்தப் பாத்திரத்தை அழித்தார். இதை ஜூலியன் டிபெல் 1993 டிசம்பரில் வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது.

அதன்பின் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட முறையைக் கர்ட்டிஸ் அமைத்தார். ஆனால் தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் தெளிவாகப் பிரிக்க முடியாது என்று கண்டு, 1996-ல் விசார்டுகள் மீண்டும் தலையிடுவார்கள் என்ற இரண்டாம் அறிவிப்பை வெளியிட நேர்ந்தது. ஒதுங்கி நிற்கும் நிர்வாகமும் ஒரு தீர்ப்பையே வழங்குகிறது, அது எப்போதும் வலியவர் பக்கமே சாய்கிறது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. "நாங்கள் பர்சனல் பிரச்சினையில் தலையிடமாட்டோம்" என்று டிக்கெட்டுகளை மூடும் இன்றைய நிர்வாகிகள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

> பெட்டிச் செய்தி: சிலையைச் சுட்ட ஆட்டக்காரர்கள்
>
> ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சார்ந்த கூட்டணிக்கு அரிய வடிவமைப்புகளை முறைகேடாக அளித்தது 2007-ல் வெளிவந்தது. கொந்தளிப்பைத் தொடர்ந்து, ஊழியர்களைக் கண்காணிக்க உள்பிரிவும், 2008-ல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றமும் அமைந்தன. 2011 ஜூனில் அலங்காரப் பொருள்களுக்கு வைக்கப்பட்ட கடும் விலையை எதிர்த்து, ஆயிரக்கணக்கானோர் ஜிட்டா என்ற வணிக மையத்தில் கூடி நினைவுச்சின்னத்தைச் சுட்டனர். அக்டோபரில் நிறுவனத் தலைவர் பகிரங்க மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதே மாதம் ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலையிழந்தனர்.

ஊதியமில்லாத காவலர்கள்

நிர்வாகக் குழுவின் தரப்பும் சொல்லப்பட வேண்டும். மாடரேட்டர்களில் பெரும்பாலோர் ஒரு பைசா வாங்காமல், தூக்கத்தையும் தேர்வையும் தள்ளிவைத்து, முகம் தெரியாதவர்களின் வசவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் முதலில் ஆட்டக்காரர்கள். ஆட வந்த இடத்தில் வழக்குத் தீர்ப்பதே வேலையாகிப்போன களைப்பு கடுஞ்சொல்லாகவும் அவசரத் தீர்ப்பாகவும் வெளிப்படுகிறது. இத்தகைய ஊதியமற்ற உழைப்பு நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு: அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை அறைகளை ஊதியமின்றிக் கவனித்துவந்த முன்னாள் தன்னார்வலர்கள் 1999-ல் தொடுத்த வழக்கு, 2010-ல் ஒன்றரைக் கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அங்கே பெரிய நிறுவனம் இருந்தது, இழப்பீடு கிடைத்தது. சிறிய தமிழ்ச் சர்வரில் உரிமையாளரே கைக்காசு போடும் இளைஞராக இருக்கையில், மாடரேட்டருக்குக் கிடைப்பது அதிகாரம் ஒன்றுதான். ஊதியத்துக்கு ஈடாக அதிகாரத்தைத் தந்த இடத்தில், அந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்பது கூலியைப் பறிப்பதாக உணரப்படுகிறது. ஸ்டாஃப் மீது புகார் வந்தவுடன் குழு முழுவதும் ஒன்றுதிரண்டு நிற்பதற்கு இதுவே காரணமாகத் தோன்றுகிறது.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹர்ஷ்மன், நலியும் அமைப்பில் உறுப்பினர்களுக்கு இரண்டு வழிகளே உண்டு, குரல் கொடுப்பது அல்லது வெளியேறுவது, இவற்றுள் எதைத் தேர்வது என்பதில் பற்று பெரும்பங்கு வகிக்கிறது என்று 1970-ல் விளக்கினார். அவருடைய கருத்தை இங்கே பொருத்தினால் ஒன்று தெளிவாகும்: நீண்ட புகார் எழுதுபவர் சர்வரின் பகைவர் அல்லர், இன்னும் பற்று அறாதவர். பற்றற்றவர் எழுதுவதில்லை, அடுத்த சர்வரில் பெயர் பதிந்துவிடுகிறார். "டாக்ஸிக்" என்று முத்திரை குத்தி முதலில் வெளியேற்றப்படுவோர் பெரும்பாலும் சர்வரைக் காப்பாற்றக்கூடியவர்களாக இருப்பதுதான் வருந்தத்தக்கது.

பணம் நுழையும்போது

ராக்ஸ்டார் 2022 நவம்பரில் வெளியிட்ட கொள்கை, ரோல்பிளே சர்வர்களை அனுமதிக்கும் அதேவேளையில், குலுக்கல் பெட்டிகள், கிரிப்டோ நாணயங்கள், உண்மைப் பணத்துக்கு மெய்நிகர் நாணயம் விற்றல், நிறுவன விளம்பர ஆதரவு ஆகியவற்றை விலக்கியது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டிப் பணமோ அதற்கு ஈடானதோ வெல்லும் விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. சர்வருக்குள் கேசினோ நடத்தி, அதன் சிப்புகளை யுபிஐ வழியே விற்கும் உரிமையாளர், தம்முடையது வெறும் ரோல்பிளே என்று சொல்லித் தப்ப முடியுமா என்பது ஐயத்துக்குரியது.

வாங்கிய காரோடு தடைசெய்யப்பட்ட ஆட்டக்காரரின் நிலை இன்னும் மங்கலானது. பணம் பெற்று வழங்கப்படும் ஆன்லைன் சேவையில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் விற்பனை நன்கொடை என்ற பெயரில் நடக்கிறது, ரசீது கிடையாது, உரிமையாளரின் உண்மைப் பெயரே பலருக்குத் தெரியாது. சில நூறு ரூபாய்க்கு எவரும் வழக்காடப் போவதில்லை என்ற கணக்கில்தான் இந்த விற்பனை நடக்கிறது.

நகரத்தின் சாவி யாரிடம்

சர்வர் மூடப்படும் நாளில் எழும் கடைசிக் கேள்வி, ஆட்டக்காரர்கள் சேர்ந்து உருவாக்கியது எங்கே போகிறது என்பது. பாத்திரங்கள், கடைகள், வழக்குப் பதிவுகள், குடும்பக் கதைகள் யாவும் ஒரே தரவுத்தளத்தில் உள்ளன. அதன் கடவுச்சொல் வாடகை செலுத்துபவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் ஒரு மாதம் வாடகையைத் தவறவிட்டாலோ, கோபத்தில் அழித்துவிட்டாலோ, மீட்க வழியில்லை.

இதற்கு மாறான போக்கும் நடந்திருக்கிறது. என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பரில் மூடிய சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டை, சிலர் பல ஆண்டுகள் ரகசியச் சர்வரில் தமக்கு வேண்டியவர்களோடு மட்டும் நடத்திவந்தது 2019-ல் அம்பலமானது. எஞ்சிய ஆட்டக்காரர்களின் சினம் அந்த ரகசிய நிர்வாகிகள் மீது பாய, மூலநிரல் வெளிவந்தது. அதைக் கொண்டு ஹோம்கமிங் என்ற பொதுச் சர்வரைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். அவர்கள் மாதச் செலவை வெளியிட்டு, அந்தத் தொகை சேர்ந்தவுடன் நன்கொடை வாங்குவதை நிறுத்திவிடும் வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். 2024 ஜனவரியில் என்சிசாஃப்டே அவர்களுக்கு அதிகாரபூர்வ உரிமம் வழங்கியது.

மாதச் செலவை எல்லோருக்கும் காட்டுவதற்கும், தடை ஒவ்வொன்றின் காரணத்தையும் தடைபெற்றவருக்கு எழுத்தில் தருவதற்கும், தாம் ஆடும் குழு சம்பந்தப்பட்ட டிக்கெட்டை மாடரேட்டர் தொடலாகாது என்று வகுப்பதற்கும், மேல்முறையீட்டுக்கு ஷிப்டில் இருப்பவரும் வரக்கூடிய ஒரு வார அவகாசம் தருவதற்கும், தரவுத்தளத்தின் நகலை ஒருவருக்கு மேற்பட்டோரிடம் வைப்பதற்கும் பெரும் பணம் தேவையில்லை. பத்துப் பதினைந்து பேர் மட்டும் எஞ்சியுள்ள நகரத்திலும் இவற்றை இன்றிரவே தொடங்க முடியும்.